முடியாது என்னும் சொல்

வெளிநாட்டில் விமானியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஊரில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். சம்பளம் எவ்வளவு, பயமாக இருக்காதா, இதுவரை எத்தனை நாடுகளைப் பார்த்தாயிற்று. முதல் கேள்விக்குச் சிரித்து வைப்பேன். இரண்டாவதற்கு இல்லை என்பேன். மூன்றாவதற்கு உண்மையான பதில், நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி ஓடுதளங்களும் விடுதியறைத் திரைச்சீலைகளும்தான் என்பது. அதைச் சொன்னால் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்த மொழியில் வேலை பார்க்கிறாய் என்று எவரும் கேட்டதில்லை. ஆங்கிலம் என்று அவர்களே முடிவுசெய்திருக்கக்கூடும். அது பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரு விமானி எந்த நாட்டுக்காரனாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அவனுடைய உரிமம் விமானத்தின் வாலில் எழுதப்பட்டிருக்கும் எழுத்துகளைப் பின்பற்றியே செல்கிறது. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு வான்போக்குவரத்து உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு இதைத் தெளிவாக்குகிறது. விமானம் எந்த நாட்டில் பதிவுசெய்யப்பட்டிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய, அல்லது அந்த நாடு செல்லும் என ஏற்றுக்கொண்ட உரிமம் விமானியிடம் இருக்க வேண்டும். இந்திய விமானங்களுக்கு விடி. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஏ6. கத்தாருக்கு ஏ7. சிங்கப்பூருக்கு 9வி. பல ஆயிரம் மணி நேரம் விடியில் பறந்தவன் வளைகுடாவுக்கு வந்து இறங்கினால், வான்போக்குவரத்துச் சட்டத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் சிமுலேட்டர் சோதனையும் அவனுக்காக மறுபடியும் காத்திருக்கும். நான் பணியாற்றிய நிறுவனம் மூடப்பட்டபோது இந்த வழியாகத்தான் வந்தேன். என்னுடன் அதே தேர்வறையில் அமர்ந்திருந்தவர்களில் என்னைவிட இருபது வயது மூத்தவர்களும் இருந்தார்கள். தலை நரைத்த காலத்தில் மறுபடியும் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார நேர்ந்தவர்களின் முகத்தில் ஒருவிதக் கூச்சம் இருக்கும். அதைக் கண்டு நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

புதிய நாட்டில் புதியதாகக் கற்க வேண்டியது விமானத்தை அல்ல. ஏர்பஸ் 320 எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் பறக்கிறது. கற்க வேண்டியது, பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்குவது கடினம். இரண்டு விமானிகளும் நெடுநாள் கூட்டாளிகள் என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரிய நிறுவனங்களில் நிலைமை வேறு. புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னால் ஓர் அறையில் முதன்முறையாகச் சந்திப்போம். கைகுலுக்கிப் பெயர் சொல்வோம். எரிபொருள், வானிலை, மாற்று விமான நிலையம் ஆகியவற்றைப் பேசி முடிப்போம். பிறகு ஏறத்தாழ இரண்டரை சதுர மீட்டர் இடத்தில், முழங்கை இடிக்கும் தொலைவில், நான்கைந்து மணி நேரம். திரும்பி வந்ததும் மறுபடி கைகுலுக்கல். அடுத்த சந்திப்பு எட்டு மாதம் கழித்து நிகழலாம், நிகழாமலும் போகலாம். ஒரு மாத ரோஸ்டரில் நான் ஒரு கிரேக்கருடனும், ஒரு பிரேசிலியருடனும், ஒரு மொராக்கோ இளைஞனுடனும், கராச்சியில் பிறந்த ஒருவருடனும் பறந்திருக்கிறேன். எங்களில் எவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல.

நாங்கள் பேசும் ஆங்கிலமும் ஆங்கிலம் அல்ல என்றே சொல்லலாம். அதில் ஒன்பது 'நைனர்' ஆகிவிடும். மூன்று 'ட்ரீ' ஆகும். ஆம் என்பதற்கு 'அஃபர்ம்'. 'டேக் ஆஃப்' என்ற சொல்லைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தரும் அந்த ஒரு கணத்திலும் அதைத் திரும்பச் சொல்லும்போதும், அல்லது அந்த அனுமதியை ரத்துசெய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்லலாம். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃபே தீவின் பனிமூட்டத்தில், அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஓடத் தொடங்கிய ஒரு ஜம்போ ஜெட் இன்னொன்றின்மீது மோதி 583 பேர் இறந்த பிறகு இறுக்கமாக்கப்பட்ட விதி அது. இந்த மொழியின் இலக்கணத்தில் பல சூத்திரங்கள் இப்படி இறந்தவர்களால் எழுதப்பட்டவை.

இம்மொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. அண்ணன் இல்லை, ஐயா இல்லை. சொல்லின் முடிவில் 'ங்க' சேர்த்துப் பணிவைக் காட்டும் வசதியும் கிடையாது. பள்ளி ஆசிரியரான என் தந்தை முன்னால் உட்கார்ந்து பேசியறியாதவன் நான். பெரியவர்கள் சொல்வது தவறென்று தெரிந்தாலும் 'அப்படியும் இருக்கலாம்' என்று இழுத்து, அவர்களே திருத்திக்கொள்ள இடம் விட்டுப் பேசுவதுதான் நயம் என்று கற்றவன். நம் வீடுகளில் 'முடியாது' என்று யாரும் சொல்வதில்லை. 'பார்க்கலாம்' என்போம். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரிடம் 'வர முயற்சி பண்றேன்' என்றால் வரப்போவதில்லை என்று இருவருக்குமே தெரியும். தமிழில் மறுப்பைச் சொல்ல நூறு வழிகள் உண்டு. அந்த நூறிலும் மறுப்பு என்ற சொல் வராது.

விமானியின் மொழியில் மறுப்புக்கு ஒரே சொல்: 'அனேபிள்'. இயலாது. கோபுரம் ஒரு வேகத்தையோ உயரத்தையோ கேட்கிறது. விமானத்தால் அது ஆகாது. 'அனேபிள்' என்று சொல்லலாம். மன்னிப்பு வேண்டியதில்லை. குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. காரணத்தை ஓரிரு சொற்களில் சேர்க்கலாம். எதிர்முனையில் இருப்பவர் புண்படமாட்டார். வேறொரு வழி தருவார். இந்த ஒரு சொல்லைத் தயங்காமல் சொல்லப் பழகுவதற்கு எனக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. தேவைப்பட்டது உச்சரிப்புப் பயிற்சி அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

அச்சொல்லின் விலையை அறிய 1990 ஜனவரி 25ஆம் நாளைப் பார்க்க வேண்டும். கொலம்பியாவிலிருந்து நியூயார்க் நோக்கி வந்த ஏவியாங்கா 52ஆம் எண் விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. வானொலியில் பேசியவர் துணைவிமானி. முன்னுரிமை வேண்டும் என்றார். எரிபொருள் குறைகிறது என்று வேறொரு பேச்சின் வாலில் ஒட்டிச் சொன்னார். 'அவசரநிலை' என்ற சொல்லை மட்டும் கடைசிவரை உச்சரிக்கவில்லை. விமானத்தலைவர் அதைச் சொல்லும்படி தம் மொழியில் பணித்தும், கோபுரத்துக்கு எட்டியபோது அது வெறும் தகவலாகத் தேய்ந்துபோயிருந்தது. என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, லாங் ஐலண்டின் குன்றுப் பகுதியொன்றில் விமானம் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். நியூயார்க் கட்டுப்பாட்டாளர்களின் வேகத்தையும் பரபரப்பையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உரையாடலைப் படிக்கும் ஒரு தமிழனுக்கு, அதில் கேட்கும் பணிவு மிகவும் பழக்கமானது. அந்நிய நாட்டில், அதிகாரமுள்ள குரலுக்கு முன்னால், தொந்தரவு தரக்கூடாது என்று நினைக்கும் ஒருவரின் குரல் அது.

மொழியறிவே போதாமல் போனதும் உண்டு. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியின் வானில் சவூதி அரேபிய ஜம்போ ஒன்றும் கஜகஸ்தான் சரக்கு விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. இறந்தவர்கள் 349 பேர். வானில் நேர்ந்த மோதல்களில் இன்றுவரை மிகப் பெரியது. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். சவூதி விமானம் 14,000 அடியில். கஜக் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்தில் நிற்காமல் கீழிறங்கியது. அதில் கோபுரத்துடன் ஆங்கிலத்தில் பேசியவர் விமானிகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த வானொலி இயக்குநர். விமானத்தை ஓட்டியவர்கள் அவர் வழியாகவே உலகத்தைக் கேட்டார்கள். சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இந்தியர்கள். இந்த விபத்தும் இதுபோன்ற வேறு சிலவும் சேர்ந்துதான், பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்வை 2003இல் விதியாக்கக் காரணமாயின. ஆறு நிலைகள். நான்காம் நிலைக்குக் கீழே இருப்பவர் பன்னாட்டு வானில் பேச முடியாது.

நான் அந்தத் தேர்வை எழுதியிருக்கிறேன். உச்சரிப்பு, சொல்வளம், சரளம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். தன்னைவிட மூத்த ஒருவரிடம், அவர் செய்துகொண்டிருப்பது ஆகாது என்று இரண்டு நொடிக்குள் சொல்லும் திறனை அதில் அளக்க இடமில்லை.

மங்களூருவை நினைக்கும்போதெல்லாம் இந்த எண்ணம் வருகிறது. 2010 மே 22 விடியலில் துபாயிலிருந்து வந்த போயிங் 737, குன்றின்மேல் சமப்படுத்தப்பட்ட ஓடுதளத்தின் பாதிக்கும் மேல் கடந்த பிறகே தரைதொட்டு, முடிவையும் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 8 பேர் பிழைத்தார்கள். விமானத்தலைவர் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வேலைக்கு வந்தவர். அந்த ஆண்டுகளில் இந்தியாவில் விமானத்தலைவர்களுக்குப் பற்றாக்குறை. வெளிநாட்டு விமானிகள் தற்காலிக அனுமதியில் பலராக வந்து பறந்துகொண்டிருந்தார்கள். அதாவது, இன்று நான் வளைகுடாவில் இருக்கும் அதே நிலையில் அவர் நம் நாட்டில் இருந்தார். துணைவிமானி இந்தியர். விசாரணை மன்றத்தின் அறிக்கை எவரும் வாசிக்கக் கிடைக்கிறது. தலைவர் பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்தார். குரல்பதிவுக் கருவியில் குறட்டை ஒலி பதிவாகியிருக்கிறது. விழித்தபின் முழுத் தெளிவு திரும்பாத நிலையில் இறக்கத்தைத் தொடர்ந்தார். விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. துணைவிமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வருவோம் என்று மூன்று முறை சொன்னார். எந்திரமும் எச்சரித்தது. தலைவர் இறங்கினார்.

இங்கே சொல் சொல்லப்பட்டது. மூன்று முறை சொல்லப்பட்டது. கேட்கும் காது இல்லை. சொன்னவர் கையை நீட்டிக் கட்டுப்பாட்டைத் தம்முடையதாக்கிக்கொள்ளவும் இல்லை. அந்தத் துணைவிமானி ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று தரையில் உட்கார்ந்து கேட்பது எளிது. இருவரும் வெவ்வேறு நாட்டவர். ஒருவர் பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர், மற்றவர் அவரிடமிருந்து கற்க வேண்டியவர். அவர்களுக்கிடையே பொதுவாக இருந்தது சில நூறு சொற்கள் கொண்ட ஓர் இரவல் மொழி மட்டுமே. அம்மொழி விமானத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தது. மனிதர்களைப் பற்றிப் பேசத் தெரியாதது.

எனக்கு நேர்ந்தது மிகச் சிறியது. நான் துணைவிமானியாக இருந்த காலம். தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஓர் இரவில் கொச்சியில் இறங்கிக்கொண்டிருந்தோம். தலைவர் கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவர், ஓய்வை நெருங்கியவர். அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்திருந்தோம். புறப்படும் முன் அறிமுகப் பேச்சில் அவர் ஒன்று சொன்னார்: நம்மில் யார் 'கோ அரவுண்ட்' என்றாலும் விமானம் மேலே போகும், ஏன் என்று கேட்பது மேலே போன பிறகு. இதைப் பலரும் சொல்வதுண்டு, சடங்காக. இவர் சொன்ன விதத்தில் சடங்கு தெரியவில்லை.

200 அடியில் ஓடுதள விளக்குகள் தெரிந்தன. தொடர்கிறேன் என்றார். அடுத்த சில நொடிகளில் மழை ஒரு சுவர் போல வந்து கண்ணாடியில் அறைந்தது, விளக்குகள் கரைந்துபோயின. எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் என்னைவிட மூன்று மடங்கு பறந்தவர். தமிழ் மனம் அந்த இடத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்யத் தொடங்கியது: அவருக்குத் தெரியாமலா இருக்கும். அந்த வாக்கியம் மனத்தில் முடிவதற்குள் வாய் 'கோ அரவுண்ட்' என்றது. சொல் காற்றில் இருக்கும்போதே அவர் கை உந்துவிசை நெம்புகோலை முன்னால் தள்ளியிருந்தது.

மேலே போய்ச் சுற்றினோம். பதினைந்து நிமிடங்களுக்குப் பின் மழை சற்று விலகியது. இரண்டாம் முறை இயல்பாக இறங்கினோம். பயணிகள் சிலர் இறங்கும்போது தாமதம் குறித்து முகம் சுளித்தார்கள். அவருக்கு விளக்குகள் தெரிந்தனவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பும் பயணத்தில் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தியபடி, உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். ஆசிரியர் என்றேன். என் அப்பாவும்தான், என்றார். அதன்பின் அவருடன் நான் பறக்கவில்லை.

இப்போது இடப்பக்க இருக்கை என்னுடையது. வலப்பக்கத்தில் வந்து அமரும் இளைஞர்களின் நாடும் மொழியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கிழவர் சொன்ன வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். மரியாதை மிகுந்த பண்பாடுகளிலிருந்து வருபவர்கள் உடனே 'யெஸ் சார்' என்பார்கள். அந்த 'சார்' எனக்குக் கவலை தரும். பயணத்தில் எங்காவது வேண்டுமென்றே ஏதேனும் கேட்டு, அவர்கள் என்னிடம் ஒருமுறையாவது 'இல்லை' என்று சொல்ல வைத்துவிட முயல்வேன். இரவுச் சாப்பாட்டில் மீனா கோழியா என்பதிலாவது.

ஆனால் வெளிநாட்டு விமானியின் 'முடியாது' விமானியறையோடு முடிந்துவிடுவதில்லை. களைப்பாக இருக்கிறேன், இன்று பறக்க இயலாது என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. உரிமை மட்டுமல்ல, கடமை. ஓராண்டில் 900 அல்லது 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று பல நாடுகளின் விதிகள் வரம்பிடுகின்றன. ஆனால் விதிகள் மணிகளைத்தான் எண்ணுகின்றன. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தும் உறக்கம் வராத பொழுதுகளை விமானிதான் எண்ண வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவனுக்கு அந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. குடியிருப்பு அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் விசா, எல்லாம் அதே கயிற்றில். 2020இல் தொற்றுநோயால் விமானங்கள் தரையில் நின்றபோது, பத்து பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஊரைவிட்டுச் சில வாரங்களில் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களைப் பார்த்தேன். அதன்பிறகு 'இயலாது' என்று தொலைபேசியில் சொல்ல வேண்டிய ஒவ்வொரு முறையும், அச்சொல் சற்றுக் கனமாகிவிட்டதாகவே உணர்கிறேன். சொல்கிறேன். சொல்லியே ஆக வேண்டும்.

என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல. எனக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. விமானம் பறக்கும்வரை அதைப் பற்றிய இறுதி முடிவு விமானத்தலைவருடையது என்று உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒருவனுடைய 'முடியாது' என்ற சொல்லுக்கு இத்தனை நாடுகளின் காவல் கிடைத்திருப்பது அபூர்வம்.

கதவுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு அது கிடைத்ததில்லை. திருச்சிக்கோ கொச்சிக்கோ செல்லும் இரவு விமானங்களில் வருபவர்களை நான் அறிவேன். சாரங்களில் ஏறுபவர்கள், லாரி ஓட்டுபவர்கள், பிறர் வீட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டுபவர்கள். அவர்களுடைய விசாவும் என்னுடையதைப் போலவே முதலாளியின் கையில். ஆனால் இந்த உயரத்தில் ஏற முடியாது, இந்த வெயிலில் ஆகாது என்று சொல்ல அவர்களுக்கு எந்த மொழி இருக்கிறது? அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30இலிருந்து 3 மணிவரை திறந்தவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் உண்டு. ஆண்டில் மூன்று மாதம், நாளுக்கு இரண்டரை மணி நேரம், அவர்களுக்காகச் சட்டம் 'முடியாது' என்று சொல்கிறது. மற்ற நேரங்களில் அவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை. 'சரிங்க' என்கிறார்கள்.

இறங்கியபின் விமானியறைக் கதவைத் திறந்து நான் வாசலில் நிற்பதுண்டு. தமிழில் வணக்கம் சொன்னால் சிலர் திடுக்கிட்டு நின்று, எந்த ஊருங்க என்று கேட்பார்கள். சொல்வேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நல்லா எறக்கினீங்க சார், என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள்.